தேயிலை மலையை வாசிப்பது எப்படி: களஆய்வுக்குச் செல்லும் மானிடப் புவியியல் மாணவருக்கு

இலங்கையில் ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நானுஓயா வரை ரயிலில் செல்பவர், இரு பக்கமும் விரியும் பச்சையைப் பார்த்து இயற்கை எழில் என்று சொல்வது வழக்கம். அந்தப் பச்சையில் தானாக முளைத்தது ஏறத்தாழ எதுவுமில்லை என்பதிலிருந்துதான் மானிடப் புவியியல் தொடங்குகிறது. தேயிலை சீனத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தது. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரமும் விறகுக்கு நட்ட யூக்கலிப்டஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. தோட்டங்களின் பெயர்களில் பல ஸ்கொட்லாந்திலிருந்தும், அவற்றில் உழைத்த மனிதர்கள் புதுக்கோட்டை, திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள்.

இலங்கையின் மலையகத்தில் ஒரு தோட்டத்தைத் தேர்ந்துகொண்டு, நான்கைந்து நாட்கள் தங்கி, பண்பாடு, சுற்றுச்சூழல், காலனியம், இடப்பெயர்வு ஆகிய நான்கையும் அங்கே எப்படிப் படிப்பது என்பதை இங்கே சொல்கிறேன். மாணவர் அறிக்கைகளில் மிகுதியாகக் காணும் குறை, இந்த நான்கையும் பாடத்திட்டத்தில் உள்ளபடியே நான்கு அத்தியாயங்களாகப் பிரித்துவிடுவது. அப்படிப் பிரித்தால் காலனியம் வரலாற்றுக் குறிப்பாகவும், சுற்றுச்சூழல் மழையளவு அட்டவணையாகவும், பண்பாடு திருவிழா வர்ணனையாகவும் சுருங்கிவிடுகின்றன. இதற்கு மாறாக, ஒரு லயத்தையோ (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு) ஒரு பாதையையோ ஒரு மரத்தையோ எடுத்துக்கொண்டு, அது ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்வியை விடாமல் பின்தொடர்ந்தால் நான்கும் தாமாகவே வந்து சேரும்.

முதலில் வரையுங்கள்

முதல் நாள் யாரையும் பேட்டி காண வேண்டாம். தோட்டம் முழுவதும் தெரியும் ஓர் உயரத்தில் நின்று, அளவு சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று, கையால் ஒரு வரைபடம் வரையுங்கள். துரை எனப்படும் தோட்ட மேலாளரின் பங்களா, ஸ்டோர் என்று தோட்டத்தில் அழைக்கப்படும் தொழிற்சாலை, லயங்கள், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களம், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, பாடசாலை, கோயில், கடை, ஓடை, மயானம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எது மேட்டில் இருக்கிறது, எது சரிவின் அடியில் இருக்கிறது, எந்த வாசலிலிருந்து எது தெரிகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பல தோட்டங்களில் பங்களாவிலிருந்து லயம் தெரியும், லயத்திலிருந்து பங்களாவின் வேலி மட்டுமே தெரியும். உங்கள் தோட்டத்திலும் அப்படித்தானா என்பதை நீங்களே நின்று பார்த்து எழுதுங்கள். எல்லாத் தோட்டங்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல.

தொலைவைக் கிலோமீட்டரில் மட்டும் எழுதாதீர்கள். லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும் பிரதான சாலைக்கும் நடந்து பார்த்து, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறியுங்கள். முடிந்தால் மழை நாளில் ஒரு முறையும் நடந்து பாருங்கள். கர்ப்பிணிக்கும் பாடசாலைப் பிள்ளைக்கும் தொலைவு என்பது நேரமும் சரிவும் சேறும் சேர்ந்த ஒன்று.

நிலத்தோற்றத்தைப் பண்பாட்டின் ஆக்கமாகப் பார்க்கும் முறையைக் கார்ல் சவர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1925இல் முன்வைத்தார். இயற்கை மூலப்பொருள், பண்பாடு அதில் வேலை செய்யும் கரம், பண்பாட்டு நிலத்தோற்றம் அதன் விளைவு என்பது அவருடைய வாய்பாடு. வகுப்பில் இதைப் படித்துவிட்டு மலைக்கு வருபவர் ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்வார்: இங்கே தீர்மானித்த கரம் வேறு, மண் வெட்டிய கரம் வேறு. இரண்டையும் பண்பாடு என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கினால் யாருக்கு அதிகாரம் இருந்தது என்பது மறைந்துபோகும். எனவே வரைபடத்தில் குறித்த ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில், இதை யார் தீர்மானித்தார், யார் உழைத்துக் கட்டினார், இன்று யார் பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் எழுதுங்கள். இந்தச் சிறு பழக்கம் பத்துப் பக்கக் கோட்பாட்டு முன்னுரையைவிட உதவும் என்பது என் கருத்து.

பெயர்களைச் சேகரியுங்கள்

அடுத்த வேலை பெயர்கள். ஒரே இடத்துக்குக் குறைந்தது மூன்று அடுக்குப் பெயர்கள் கிடைக்கும். ஆவணத்தில் டன்சினேன், ஹோலிரூட், செயின்ட் கிளேர் போன்ற பெயர்கள் இருக்கும். டன்சினேன் ஸ்கொட்லாந்தில் ஒரு குன்று, ஹோலிரூட் எடின்பரோவில் ஓர் அரண்மனை. காடழித்த நிலத்துக்குத் தோட்டக்காரர் தம் ஊர்ப் பெயரை வைத்தார். அதற்கு அடியில் சிங்களப் பெயர் இருக்கும். தலவாக்கலை என்பதில் உள்ள கலை, நாம் அறிந்த கலை அன்று. காடு என்று பொருள்படும் சிங்களச் சொல் தமிழ் நாவில் அப்படி ஆயிற்று. ஓயா என்றால் ஆறு, கந்த என்றால் மலை. கலை என்று முடியும் ஊர்ப்பெயர்களை மட்டும் வரைபடத்தில் வட்டமிட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் காடு இருந்தது என்பதற்கு அதுவே ஒரு தொடக்கச் சான்று. மூன்றாவது அடுக்கு தொழிலாளர் வைத்த தமிழ்ப் பெயர்கள். தோட்டத்துக்கே ஆவணத்தில் இல்லாத ஒரு தமிழ்ப் பெயர் இருப்பதும், தேயிலைப் பகுதிகள் நம்பராலோ ஒரு பழைய கங்காணியின் (ஆள் சேர்த்து மேற்பார்த்தவர்) பெயராலோ ஒரு மரத்தாலோ அழைக்கப்படுவதும் உண்டு. இந்தப் பெயர்கள் எந்த அரசாங்க வரைபடத்திலும் இருக்காது. கேட்டு எழுதாவிட்டால் ஒரு தலைமுறையில் அழிந்துவிடக்கூடியவை இவை என்பதால் இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குவது தகும்.

நிலம் யாருடையதாக இருந்தது

மலைச்சரிவு எப்படித் தோட்டமாயிற்று என்பதற்கு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிறுவப்படும் வரை அரசருடையது என்று அது வைத்துக்கொண்டது. பள்ளத்தில் வயலும் மேட்டில் சேனை எனப்படும் மாற்றிடப் பயிரும் வைத்திருந்த கண்டிய சிங்களக் கிராமத்தவருக்கு மேட்டு நிலத்துக்கு எழுத்து ஆவணம் இருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும் பயிரிட்டு, இடையில் காடு வளர விடுவதே சேனையின் முறை. அந்த இடைவெளியைத்தான் சட்டம் தரிசு என்று படித்தது. நிலத்தைப் பயன்படுத்தும் ஒரு முறை, இன்னொரு பண்பாட்டின் கண்ணுக்குப் பயன்படுத்தாமையாகத் தெரிந்ததும், அப்படித் தெரிந்தவர் கையில் சட்டம் இருந்ததும் ஒருசேர நடந்தன. காலனியம் சுற்றுச்சூழலை எப்படி அணுகியது என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. உயர்ந்த மலைகளில் பெரும்பகுதி அடர்காடாகவே இருந்தது, கிராமங்கள் இழந்ததன் அளவு இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். எனவே தோட்டத்தை அடுத்துள்ள சிங்களக் கிராமத்துக்கும் ஒரு நாள் செல்லுங்கள். தோட்டத்தின் கதையை லயத்தில் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களமும் நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களும் இதற்குத் துணைசெய்யும். பெர்குசன் குடும்பத்தார் வெளியிட்டுவந்த இலங்கை விவரத்திரட்டுகளில் தோட்டங்களின் பெயர், ஏக்கர், உடைமையாளர், கண்காணிப்பாளர் விவரம் இருக்கும். அவற்றில் தொழிலாளரின் பெயர்களைத் தேடாதீர்கள்.

பயிரும் பயணமும்

இந்த ஆய்வின் நடுத்தண்டு இந்தப் பகுதிதான், ஆகையால் இதற்கு நேரம் கொடுங்கள். மலையகத்தின் முதல் பெரும் பயிர் கோப்பி. கோப்பிப் பழம் ஆண்டில் சில மாதங்களே பறிக்கப்படும்; அந்த மாதங்களுக்குத்தான் ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டார்கள். ஆகவே கோப்பிக் காலத்து இடப்பெயர்வு பெரிதும் போய்த் திரும்பும் பயணமாகவும், ஆண்களே மிகுந்ததாகவும் இருந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்த அந்தப் பாதையில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் ஏராளம்.

கோப்பி இலைத்துரு நோய் 1869இல் தென்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூசணத்தால் வரும் நோய் அது. 1870களின் இறுதியில் 2.5 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருந்த கோப்பி, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ முழுவதும் வீழ்ந்தது. ஒரே பயிரை மலை மலையாக நட்டது பூசணத்துக்கு விரித்த கம்பளமாயிற்று. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

தேயிலையின் இயல்பு வேறு. கொழுந்து ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு முறை, ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டும். பறித்ததை அன்றே ஸ்டோரில் சேர்க்க வேண்டும். இதனால் நிலையாகத் தங்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள், கொழுந்து பறிக்கும் வேலை பெண்களிடம் வந்தது, குடும்பங்கள் வந்தன, லயங்கள் பெருகின, பிள்ளைக் காம்பராக்களும் தேவைப்பட்டன. ஏறத்தாழ 10க்கு 12 அடியில் ஓர் அறை, வாசலில் ஒரு குறுகிய விறாந்தை, முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை என்று லயம் அமைந்தது, ஆண்டு முழுவதும் ஆள் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்ற கணக்கால்தான். போய்வருபவராக இருந்தவர்கள் ஒரு செடியின் வளர்ச்சி முறையால் குடியிருப்பவர்களாக மாறினார்கள் என்று சொன்னால் மிகை. ஆனால் செடி, இலாபக் கணக்கு, சட்டம் மூன்றும் சேர்ந்து மாற்றின என்று சொன்னால் சரியாக இருக்கும். களத்தில் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: ஒரு கொழுந்துக் கூடையை, செடியிலிருந்து நிறுவை இடத்துக்கும், அங்கிருந்து ஸ்டோருக்கும், ஸ்டோரிலிருந்து ரயிலடிக்கும் வரைபடத்தில் பின்தொடருங்கள். ரயில் பாதை 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ஏன் சென்றது என்பது அந்தக் கோட்டிலேயே தெரியும்.

இடப்பெயர்வைப் பற்றிப் பேசும்போது ராவன்ஸ்டைன் 1885இல் வகுத்த விதிகளையும், தள்ளும் காரணி, இழுக்கும் காரணி என்ற பாகுபாட்டையும் பெரும்பாலோர் மேற்கோள் காட்டுவார்கள். தள்ளிய காரணிகள் உண்டு. சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பஞ்சமும், நிலமற்ற சாதியினர் ஊரில் பட்ட ஒடுக்குமுறையும் அவற்றில் முக்கியமானவை. ஆனால் அந்தப் பாகுபாடு, தானே யோசித்துத் தானே புறப்படும் ஒருவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. இங்கே நடுவில் கங்காணி நிற்கிறார். அவர் தம் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்தார். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தார். அந்த முன்பணம் தோட்டத்தில் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடன் விவரம் எழுதிய துண்டு வேண்டும். கடனை ஏற்கும் தோட்டமே ஆளையும் ஏற்கும். துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. ஆகவே உங்கள் இடப்பெயர்வு வரைபடத்தில் அம்புக்குறிகளை ஊரிலிருந்து தோட்டத்துக்கு நேராகப் போடாமல், கங்காணி, முன்பணம், கடல் துறை, நோய்த்தடை முகாம் என்று இடைநிலைகளையும் குறியுங்கள். பாம்பன் பக்கத்து மண்டபம் முகாமில்தான் பிற்காலத்தில் ஆட்கள் தடுத்து வைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டார்கள். அதே இடம் 1980களுக்குப் பிறகு ஈழ அகதிகள் முகாமாக ஆனது.

ஓர் எச்சரிக்கை. காலனியக் காலத்து எழுத்துகளில், வெப்பநாட்டு மக்கள் சோம்பேறிகள், சிங்களக் குடியானவர் உழைக்க மாட்டார், தமிழ்க் கூலி பணிவானவர் என்ற வாசகங்கள் திரும்பத் திரும்ப வரும். தட்பவெப்பமே மனித இயல்பைத் தீர்மானிக்கிறது என்ற சூழல் நிர்ணயவாதத்தின் தோட்டப் பதிப்பு அது. தம் வயல் இருந்த கண்டிய விவசாயி, குறைந்த கூலிக்கு மாதக்கணக்கில் கட்டுண்டு கிடக்க மறுத்தார் என்பதே எளிய விளக்கம். இத்தகைய வாசகத்தை ஆதாரமாகக் காட்டாதீர்கள். எழுதியவரின் மனநிலைக்கு ஆதாரமாக மட்டும் காட்டுங்கள்.

எப்படிக் கேட்பது

நீங்கள் எப்போது இந்தியாவிலிருந்து வந்தீர்கள் என்று யாரிடமும் கேட்காதீர்கள். நான்காம் ஐந்தாம் தலைமுறையாக அங்கே பிறந்தவரிடம் அந்தக் கேள்வி, அவர் அந்த மண்ணுக்குரியவர் அல்லர் என்ற குற்றச்சாட்டாகவே காதில் விழும். அப்பாயி எந்த மலையில் கொழுந்து எடுத்தார், இந்த லயத்துக்கு முன் எந்த லயத்தில் இருந்தீர்கள், தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தது எந்த வயதில் என்று இடத்தையும் வேலையையும் சுற்றிக் கேளுங்கள். பதில் தானாகவே கடல் வரை போகும். வேலை நேரத்தில் கொழுந்து மலையில் நின்று பேச்சுக் கொடுத்தால் அவருடைய நிறுவையில் கிலோ குறையும், ஆகவே மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ போங்கள். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையோ தொழிற்சங்கத் தலைவரோ கூட வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் ஒரு தகரப்பெட்டியிலோ பொலித்தீன் பையிலோ பழைய ஆவணங்கள் இருக்கும். காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர்களாகக் காட்டினால் படமெடுப்பதற்கு முன் கேளுங்கள். அந்தப் பைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதற்குக் குடியுரிமை வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததற்கான சான்றைக் கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாக இருந்த லயத்தில் அந்தச் சான்றுக்கு எங்கே போவது? ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அப்போது முடிவாகாமல் விட்ட 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கோயிலும் கூத்தும்

பண்பாட்டைத் தேடுபவர் மாசி மாதத்தில் போனால் காமன் கூத்தைப் பார்க்கலாம். சொந்த ஊர்ச் சடங்கு எப்படித் தோட்டத்து வேலை நாட்காட்டிக்குள் பொருந்திக்கொண்டது என்று கவனிக்கலாம். என்னை அதைவிட ஈர்ப்பவை தோட்டத்திலேயே பிறந்த தெய்வங்கள். ரோதை என்றால் சக்கரம். ஸ்டோரின் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி வந்தார். கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்தல், வெட்டத் தொடங்கும்போது கும்பிடக் கவ்வாத்துச் சாமி உண்டு. கொண்டுவந்த பண்பாடு அப்படியே பாதுகாக்கப்பட்டது என்று எழுதும் அறிக்கைகளுக்கு இந்தச் சாமிகளே மறுப்பு. பிரட்டுக்கு ஆளைக் கூப்பிட அடித்த தப்பு என்ற பறையே சாவு வீட்டிலும் திருவிழாவிலும் ஒலித்தது. யார் தப்படிக்கிறார், கோயில் கூட்டத்தில் யார் எங்கே அமர்கிறார் என்பதையும் பாருங்கள். சாதி கடலைக் கடக்காமல் நின்றுவிடவில்லை.

மண்ணும் தண்ணீரும்

மழைக்காலத்தில் சிவந்து ஓடும் ஓடை, மேல்மண் போவதைக் காட்டும். மலையுச்சிகளில் மட்டும் காடு எஞ்சியிருப்பதற்குக் காரணம் உண்டு: 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை விற்காமல் விட வேண்டும் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அறிவுறுத்தினார். லயம் இருக்கும் சரிவைக் கவனமாகப் பாருங்கள். கொஸ்லாந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்கள் புதைந்தன. ஆபத்து உள்ள இடம் என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் மக்கள் ஏன் அங்கே இருந்தார்கள் என்பது மழைமானியால் விடை காணக்கூடிய கேள்வி அன்று. தோட்டங்கள் 1970களில் தேசியமயமாயின, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. இந்த மாற்றங்களில் எதிலும் லயத்து அறையின் தரை அதில் வாழ்ந்தவருக்குச் சொந்தமாகவில்லை. அண்மைக் காலத்தில் சில குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணி கிடைத்திருக்கிறது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். உங்கள் வரைபடத்தில் துரை பங்களாவின் முற்றத்தையும் 7 பேர்ச்சையும் ஒரே அளவுத்திட்டத்தில் வரைந்துவிடுங்கள்.

தோட்டத்துக்கு வெளியே

தோட்டத்தின் எல்லையோடு ஆய்வை முடித்தால் இடப்பெயர்வு பழைய காலத்து நிகழ்ச்சியாகத் தோன்றும். ஒரு லயத்தைத் தேர்ந்து, அதில் பிறந்த மூன்று தலைமுறையினர் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுப் பட்டியலிடுங்கள். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்பவர், வளைகுடாவுக்குப் போன பெண், 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய உறவினர் என்று பட்டியல் நீளும். நீலகிரியும் அதில் வரக்கூடும். திரும்பி வந்தவர்களுக்காக 1968இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத் திட்டத்தால், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பகுதிகளில் அவர்கள் மீண்டும் கொழுந்துக் கூடையோடுதான் நின்றார்கள். அரசு ஆவணம் அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்கிறது. அக்கம்பக்கத்தார் சிலோன்காரர் என்கிறார்கள். மலையகத்தில் பிறந்தவரை இந்தியத் தமிழர் என்று இலங்கைக் குடிமதிப்பு 1911 முதல் தனியாக எண்ணிவந்தது. மக்கள் தம்மை மலையகத் தமிழர் என்று அழைத்துக்கொள்கிறார்கள். இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொள்பவரும் உண்டு. எனவே குடிமதிப்பு எண்ணிக்கையை அறிக்கையில் எடுத்தாளும்போது, அது எந்த ஆண்டு, எந்தப் பெயரின் கீழ் எண்ணப்பட்டது என்பதையும் அருகிலேயே எழுதுங்கள்.

கடைசி நாளில், நீங்கள் வரைந்த வரைபடத்தைத் தமிழ்ப் பெயர்களோடு லயத்தில் விரித்து வைத்துத் திருத்தச் சொல்லுங்கள். பாட்டிமார் சொல்லும் திருத்தங்களை வேறு நிற மையில் குறித்து, ஒரு பிரதியை அங்குள்ள பாடசாலையிலோ வாசிகசாலையிலோ கொடுத்துவிட்டு வாருங்கள். பேட்டியளித்தவர்களின் பெயர்களையும் லய எண்ணையும் அறிக்கையில் போட வேண்டாம். வேலையும் வீடும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும் இடத்தில், சொன்னது யார் என்பது எளிதில் கண்டுபிடிக்கப்படும்.